லேப்பில் காத்திருக்கும் நேரத்தை ஓட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகம் என்றால் வெள்ளைக் கோட்டு, புகை கிளம்பும் குடுவை, திடீரென்று "கண்டுபிடித்துவிட்டேன்" என்று ஒரு கூச்சல் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், பாதி நாள் எதையாவது வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே போய்விடும். அப்படி நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. அறிவியல் ரீதியாகச் சரியான பதில்கள் என்று எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் தர முடியாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் சீரியஸாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு நேரம் சும்மாவா இருக்க வேண்டியிருக்கிறது?

ஆமாம். ஆட்டோகிளேவ் என்ற பிரஷர் குக்கர் மாதிரியான கருவியில் 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் கிருமி நீங்கிவிடும் என்று செய்முறைப் புத்தகம் சொல்லும். அது சூடேற ஆகும் நேரம், அப்புறம் அழுத்தம் இறங்க ஆகும் நேரம் இதையெல்லாம் புத்தகம் கண்டுகொள்ளாது. எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருக்கும் திரவம் பொங்கி முகத்தில் அடிக்கும். டி.என்.ஏ.வைச் சூடாக்கி ஆறவைத்துப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். என்றால் 30, 35 சுற்று. வழக்கமான முறையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஈ. கோலை பாக்டீரியா வசதி செய்துகொடுத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், ஆனாலும் வளர்தட்டில் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியாக வளர ஓர் இரவு வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இந்த நேரம் மொத்தமாகக் கிடைப்பதில்லை. பத்து நிமிடம், முக்கால் மணி நேரம் என்று துண்டு துண்டாகக் கிடைக்கும். வீட்டுக்குப் போய்வரப் போதாது. ஆய்வுக் கட்டுரை படிக்கலாம் என்று உட்கார்ந்தால் முதல் பத்தியையே மூன்று தடவை படித்துக்கொண்டிருப்போம்.

நேரத்தை ஓட்ட விளையாடும் விளையாட்டுகளுக்கு விதி ஏதாவது உண்டா?

மூன்று. எந்த நொடியிலும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். யாருடைய சாம்பிளையும், ரசாயனத்தையும், இயந்திரத்தின் அமைப்பையும் தொடக்கூடாது. வாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது.

முதல் விதியால் சதுரங்கம் அடிபட்டுப் போகிறது. ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் டைமர் அடித்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது சரிதான். ஜெல்லைப் போட்டுவிட்டுப் பொறுத்தார் டி.என்.ஏ.வை பஃபரில் கரைப்பார். (ஜெல் என்பது டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்ப் பலகை; நேரத்துக்கு நிறுத்தாவிட்டால் துண்டுகள் ஓடி, அது மூழ்கியிருக்கும் பஃபர் கரைசலுக்குள் போய்விடும்.)

இரண்டு, மூன்று நிமிடம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

குழாய்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் பக்கத்தில் நிற்கலாம். கிண்டலாகச் சொல்லவில்லை. அது குறித்த வேகத்தை எட்டும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது நல்ல பழக்கம், ஏனென்றால் எதிரெதிர் குழாய்களின் எடை சரியாக இல்லையென்றால் அது தெரியவருவது அந்த நேரத்தில்தான். சத்தம் ஏறிக்கொண்டே போகும்போது எந்த ஸ்வரத்தில் போய் நிற்கும் என்று பக்கத்தில் இருப்பவரோடு பந்தயம் கட்டலாம். பாடத் தெரிந்தவர் ஒருவர் லேப்பில் இருந்தால் அந்தச் சத்தத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு முனகுவார். மேசை அதிர ஆரம்பித்தால் பாட்டை விட்டுவிட்டு நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள்.

ஜெல் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் ஓடுமா?

ஓடாது. ஆனாலும் எல்லோரும் பார்க்கிறோம். அகரோஸ் ஜெல்லில் வழக்கமாகச் சேர்க்கும் சாயங்கள் இரண்டு, புரோமோஃபீனால் புளூவும் சைலீன் சயனாலும். இவற்றை வைத்து ஓட்டப்பந்தயம் நடத்தலாம். புதிதாகச் சேர்ந்தவரைக் கூப்பிட்டு, "எது ஜெயிக்கும், சொல்லு" என்று கேளுங்கள். பந்தயத்தின் முடிவு ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லாதீர்கள். 1 சதவீத ஜெல்லில் புரோமோஃபீனால் புளூ கிட்டத்தட்ட 300 இணை (டி.என்.ஏ. ஏணியின் ஒரு படி ஓர் இணை) நீளமுள்ள டி.என்.ஏ.வின் வேகத்தில் முன்னால் ஓடும். சைலீன் சயனால் 4,000 இணை நீளமுள்ளதோடு பின்னால் தள்ளாடி வரும். என்றைக்கும் இதே கதைதான். அவர் இரண்டாவது தடவையும் சைலீன் சயனால் மேல் பந்தயம் கட்டினால், ஆள் நம்பிக்கை உள்ளவர், ஆராய்ச்சிக்கு ஏற்றவர்.

ஜெல் ஆரம்பித்ததும் மின்வாய்க் கம்பியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி வருகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். குமிழி இல்லை என்றால் மின்சாரம் ஓடவில்லை, பந்தயமே நடக்கவில்லை. கம்பியைத் தலைகீழாகச் செருகியிருந்தால் சாயம் எதிர்த்திசையில் கிளம்பும். பார்ப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு கிடையாது. போட்டவருக்கு மட்டும் அது தெரியாது.

பி.சி.ஆர். இயந்திரம் காட்டும் மிச்ச நேரத்தை நம்பலாமா?

ஆரம்பத்தில் காட்டுவது குத்துமதிப்புதான். அதனாலேயே அது நல்ல விளையாட்டு. ஆளுக்கொரு நேரத்தைத் தாளில் எழுதி ஒட்டுங்கள், உண்மையில் முடியும் நேரத்துக்குக் கிட்டத்தில் எழுதியவர் ஜெயித்தார். தோற்றவர், திரவத்தை உறிஞ்சி அளக்கும் பிப்பெட்டின் நுனியில் மாட்டும் டிப்களைப் பெட்டியில் அடுக்க வேண்டும். 96 துளை, 96 டிப். எத்தனை பெட்டி என்பதைப் பந்தயம் கட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நட்பு கெடும்.

கையுறையை ஊதி விளையாடுவது பற்றி?

இதைக் கேட்காத ஆளே கிடையாது. பயன்படுத்திய கையுறையைக் கையில் எடுக்கவே கூடாது, அது குப்பைக்கு. புதிய கையுறையையும் வாயால் ஊதாதீர்கள். லேப்பில் எந்தப் பொருளும் வாய்ப் பக்கம் போகக்கூடாது என்ற பழக்கம் ஒருதடவை தளர்ந்தால் அப்புறம் தளர்ந்துகொண்டே போகும்.

வாயே தேவையில்லை. மணிக்கட்டு விளிம்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கையுறையைக் காற்றில் ஒரு வீச்சு வீசுங்கள். உள்ளே காற்று சிக்கும். அது வெளியேறும் முன் விளிம்பை இரண்டு சுற்று முறுக்கிப் பிடித்து மெல்ல அழுத்தினால், உள்ளே போயிருக்கும் விரல்கள் ஒவ்வொன்றாக 'பொட், பொட்' என்று வெளியே வரும். கடைசியில் முரண்டு பிடிப்பது எப்போதும் சுண்டுவிரல். முடிச்சுப் போட்டுப் பக்கவாட்டில் திருப்பினால் கட்டைவிரல் மூக்கு, மற்ற நான்கும் சிலிர்த்து நிற்கும் தலைமுடி. மார்க்கரால் கண் வரைந்து ஃப்ரீசர் மேல் வையுங்கள். இரண்டு நாளில் காற்று இறங்கி, ஆய்வறிக்கை சமர்ப்பிக்கப்போகும் சீனியரின் முகம் அப்படியே வந்துவிடும்.

மார்க்கர் என்றதும் ஒன்று. பெரும்பாலான மார்க்கர் மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும். கையுறைப் பொம்மையின் கண் போனால் பரவாயில்லை. குழாய் மூடியில் எழுதிய எண் போனால் அது பொழுதுபோக்கு அல்ல. மூடியில் எழுதுவதைக் குழாயின் பக்கவாட்டிலும் எழுதிவையுங்கள்.

கையே அழுக்காகாத, பொருளே தேவைப்படாத விளையாட்டு ஏதாவது?

தனிம அந்தாதி. ஒருவர் ஒரு தனிமத்தின் பெயரைச் சொல்ல, அது முடியும் எழுத்தில் ஆரம்பிக்கும் இன்னொரு தனிமத்தை அடுத்தவர் சொல்ல வேண்டும். மெய்யெழுத்து மட்டும் பொருந்தினால் போதும். 'ன்'னில் முடிந்தால் 'ந'வில் தொடங்கலாம். இரும்பு, புரோமின், நியான், நிக்கல், லித்தியம் என்று அழகாகப் போகும். அப்புறம்தான் வினை. தெரிந்த 118 தனிமங்களில் பெரும்பாலானவை 'ம்'மில் முடிகின்றன. 'ம'வில் தொடங்குபவையோ விரல்விட்டு எண்ணக்கூடியவை: மக்னீசியம், மாங்கனீசு, மாலிப்டினம், மெண்டலீவியம், மெய்ட்னீரியம், மாஸ்கோவியம். பாதரசத்தை மெர்க்குரி என்று சொல்ல விட்டால் இன்னொன்று.

மாங்கனீசு தப்பிக்கும் வழி போலத் தெரியும். சொல்லிப் பாருங்கள். எதிராளி அலட்டிக்கொள்ளாமல் "சோடியம்" என்பார், 'ம' மறுபடி உங்கள் தலையில் வந்து விழும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் மாங்கனீசைத் தொடவே மாட்டார்கள், எதிராளியின் வாயிலிருந்து அதை வரவழைக்கப் பார்ப்பார்கள். "வெள்ளி" என்று சொல்லி நிறுத்துவது ஆட்டத்தைக் கலைக்கும் வேலை. 'ளி'யில் எதுவும் தொடங்காது, 'லி' செல்லுமா செல்லாதா என்ற சண்டையிலேயே இன்குபேஷன் (சாம்பிளைக் குறித்த வெப்பத்தில் வைத்திருக்கும் நேரம்) முடிந்துவிடும். ஒருவகையில் அதுவும் நோக்கம் நிறைவேறிய மாதிரிதான்.

காந்தக் கலக்கி?

நீருள்ள பீக்கர், ஒரு கலக்கித் துண்டு (கரைசலைக் கலக்க உள்ளே போடும் சின்னக் காந்தக் கம்பி), வெளியே பிடிக்க ஒரு காந்தம். அவ்வளவுதான் வேண்டும். துண்டைக் கண்ணாடிச் சுவர் வழியாகக் கீழிருந்து விளிம்புவரை காந்தத்தாலேயே நடத்திக்கொண்டு வர வேண்டும், நடுவில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. குறுகிய கழுத்துள்ள குடுவை என்றால் இன்னும் கஷ்டம். கழுத்து வளைவில் காந்தம் கண்ணாடியை விட்டு ஒரு நூல் விலகினாலும் துண்டு கீழே போய்விடும். இதில் ஒரு லாபமும் உண்டு. நாளைக்கு நிஜமான கரைசலை ஊற்றிவிட்டு, துண்டு உள்ளேயே இருப்பது அப்புறம் ஞாபகம் வரும்போது உங்கள் கை பழகியிருக்கும். வெறும் நீரில் மட்டும் விளையாடுங்கள்.

சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிப் பந்தயம்?

லேப்புக்கு உள்ளே வேண்டாம். வெளியே என்றால் அது உங்களுக்கும் நாற்காலிக்கும் உள்ள விவகாரம்.

உலர் பனியும் திரவ நைட்ரஜனும் நிறையக் கிடக்கின்றன. அதை வைத்து...

வேண்டாம். கேள்வியை முடிக்கவே வேண்டாம். உலர் பனி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, -78.5 டிகிரியில் நேரடியாக வாயுவாக மாறும், திரவ நைட்ரஜன் -196 டிகிரியில் கொதிக்கும். திரவ நைட்ரஜன் வாயுவாகும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரியும். மூடிய குழாயில் அடைத்தால் அது வெடிகுண்டுதான். காற்றோட்டமில்லாத அறையில் கொட்டினால் சத்தமே இல்லாமல் ஆக்சிஜனை ஓரங்கட்டிவிடும், மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் சாய்ந்துவிடலாம். குளிரூட்ட எடுத்துவந்து மிஞ்சிய உலர் பனித் துண்டு திறந்த தட்டில் தானாகவே கரைந்து போகும்போது தரையைத் தடவிப் போகும் புகையை வேடிக்கை பார்க்கலாம், காற்றோட்டமான இடத்தில். அந்த அளவு போதும்.

சக ஆராய்ச்சியாளர்மேல் சின்னக் குறும்பு செய்யலாமா?

அவருடைய சோதனையைத் தொடாதவரை. இயந்திரங்களுக்குப் பெயர் வைப்பது எல்லா லேப்பிலும் நடக்கிறது. அடிக்கடி மக்கர் பண்ணும் கருவிக்கு ஆராய்ச்சி வழிகாட்டியான கைடின் பெயரைச் சூட்டுவதும் நடக்கிறது, அது கைடுக்குத் தெரியாமல் இருப்பது அபூர்வம். ஆட்டோகிளேவுக்கு இரண்டு கண் ஒட்டினால் அது காலத்துக்கும் நம்மை முறைத்துக்கொண்டிருக்கும். சீனியரின் முக்காலியை அவர் எழுந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் தாழ்த்துவது பழைய வித்தை. அவர் தான் குள்ளமாகிக்கொண்டே வருவதாக நினைக்கத் தொடங்கும்போது நிறுத்திவிடலாம்.

லேபிளை மாற்றி ஒட்டுவது, நிறமியைக் கலப்பது, டைமரைத் தள்ளிவைப்பது இவையெல்லாம் குறும்பு இல்லை. ஒருவருடைய ஒரு மாத உழைப்பு அதில் போய்விடும்.

தட்டில் பாக்டீரியாவை வைத்துப் படம் வரையலாமா?

இதற்கு மரியாதையான முன்னோடி இருக்கிறார். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், நிறம் தரும் பாக்டீரியாக்களைத் தேடிப் பிடித்து, அவற்றைக்கொண்டு வளர்தட்டில் நடனப் பெண், போர்வீரர், வீடு என்று படம் வரைந்தவர். சிவப்புக்கு ஒன்று, ஊதாவுக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. எல்லாம் ஒரே வேகத்தில் வளராது என்பதால், எதை முதலில் தடவ வேண்டும், எதைத் தாமதமாகத் தடவ வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தீட்டும்போது படம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் வரைந்தது நடனப் பெண்ணா நத்தையா என்று தெரியும். விடுமுறைக்குப் போய்த் திரும்பியபோது தன் தட்டு ஒன்றில் பூஞ்சை விழுந்து, சுற்றியிருந்த பாக்டீரியா கரைந்திருப்பதை 1928இல் கவனித்ததும் இதே கண்தான்.

அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் 2015 முதல் இதற்கென்று ஓவியப் போட்டியே நடத்துகிறது. நீங்கள் வரைவதென்றால் நோய் உண்டாக்காத வகை, லேப் பொறுப்பாளரின் அனுமதி, முடிந்ததும் ஆட்டோகிளேவ். உங்கள் ஓவியம் 121 டிகிரியில் வேகத்தான் போகிறது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். முன்னதாக ஒரு போட்டோ.

திடீரென்று கைடு உள்ளே வந்துவிட்டால்?

பதறாதீர்கள். கையில் லேப் நோட்டு இருக்க வேண்டும், பேனா மூடி திறந்திருக்க வேண்டும், பார்வை ஏதாவது ஒரு குழாயில் இருக்க வேண்டும். குழாயை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து லேசாகப் புருவத்தைச் சுருக்கினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். குழாய் காலியாக இருந்தால் கொஞ்சம் உயரத்தில் பிடியுங்கள். கையுறைப் பொம்மைக்கு மட்டும் விளக்கம் கிடையாது, அது முன்னோர்கள் வைத்துவிட்டுப் போனது என்று சொல்லிவிடலாம்.

அவரும் ஒரு காலத்தில் இதே முக்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் செய்தவர்தான். நோட்டில் நேரம் சரியாக எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

போன் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா?

போதும், கையுறையைக் கழற்றிவிட்டு. கையுறையோடு போனைத் தொட்டு, அதே போனைக் காதில் வைத்து, வீட்டில் தலையணை பக்கத்தில் வைப்பவர்களுக்கு என்று தனியாக ஒரு பதில் இருந்தது, மரியாதை கருதி நீக்கிவிட்டோம்.

காத்திருந்தே பெயர் வாங்கியவர்கள் யாராவது உண்டா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடிப் புனல் இருக்கிறது. தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் அதில் சூடாக்கிய பிசினை ஊற்றினார். தாரிலிருந்து கிடைக்கும் கறுப்புப் பிசின். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், ஆனால் உண்மையில் அது திரவம் என்று மாணவர்களுக்குக் காட்ட நினைத்தார். அது அடங்கி உட்காரவே மூன்று வருடம் விட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டினார். முதல் சொட்டு விழுந்தது 1938இல். அப்புறம் ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒன்று. கட்டடத்துக்குக் குளிர்சாதனம் வந்த பின் இன்னும் மந்தம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொட்டு விழும் அந்த நொடியை அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பல வருடம் அதற்குக் காவலாக இருந்தவர் ஜான் மெயின்ஸ்டோன். 1988இல் ஏதோ குடிப்பதற்காகக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போனார்; சொட்டு இந்தப் பக்கம் விழுந்துவிட்டது. 2000இல் கேமரா வைத்தார்கள், சரியாக அந்த நேரத்தில் கேமரா பழுது. பார்னெல்லுக்கும் மெயின்ஸ்டோனுக்கும் சேர்த்து 2005இல் இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு அது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இதே மாதிரி 1944இல் தொடங்கிய சோதனையில் சொட்டு விழுவதை 2013 ஜூலையில் படம் பிடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் மெயின்ஸ்டோன் காலமானார். அவருடைய புனலின் ஒன்பதாவது சொட்டு 2014இல் பிரிந்தது, அதுவும் கீழே இருந்த பீக்கரை மாற்றப் போன இடத்தில்.

சாம்பிளுக்குச் சாயமேற்றும் உங்கள் ஸ்டெய்ன் இரண்டு மணி நேரம் எடுக்கிறது என்று அலுத்துக்கொள்ளும்போது இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் விதை எத்தனை வருடம் கழித்தும் முளைக்கும் என்று பார்க்க, விதைகள் கலந்த மணலை 20 பாட்டில்களில் நிரப்பிப் புதைத்தார். வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக, பின்னால் வந்தவர்கள் ராத்திரியில் மண்வெட்டியும் டார்ச்சுமாகப் போய்த் தோண்டுகிறார்கள். கடைசியாக எடுத்தது 2021இல். அடுத்த பாட்டிலுக்கு 2040. கடைசி பாட்டிலுக்கு 2100. அவர்கள் டைமருக்கு எந்தப் பேட்டரி போடுவார்கள் என்று தெரிந்தால் நல்லது.

விளையாட்டாகச் செய்ததில் உருப்படியாக ஏதாவது வந்திருக்கிறதா?

ஆந்த்ரே கைம் என்ற இயற்பியலாளர். நெதர்லாந்தின் நிமேகனில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலுவான மின்காந்தத்துக்குள் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். விலையுயர்ந்த கருவிக்குள் தண்ணீர் ஊற்றுவதை எந்தச் செய்முறைப் புத்தகமும் பரிந்துரைக்காது, நாமும் பரிந்துரைக்கவில்லை. தண்ணீர் கீழே விழாமல் உருண்டையாக மிதந்தது. அப்புறம் உயிருள்ள ஒரு தவளையையே 1997இல் மிதக்கவிட்டார்கள், தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு இன்னொரு இயற்பியலாளர் மைக்கேல் பெரியோடு சேர்ந்து 2000இல் இக்நோபல். வெள்ளிக்கிழமைப் பழக்கத்தை அவர் விடவில்லை. பென்சில் கரியான கிராஃபைட்டை ஒட்டும் டேப்பால் பிய்த்துப் பிய்த்து ஒற்றை அணு தடிமனுக்குக் கொண்டுவந்த கிராஃபீன் வேலைக்கு 2010இல் கான்ஸ்டன்டின் நோவோசெலோவோடு நிஜ நோபல். இரண்டு பரிசையும் தனிநபராக வாங்கிய முதல் ஆள் அவர்தான். நடுவில் 2001இல் தன் வெள்ளெலியைத் துணை ஆசிரியராகப் போட்டு ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

வெள்ளெலிக்கு முன்னால் பூனை வந்துவிட்டது. ஜேக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் 1975இல் தனியாக எழுதிய கட்டுரை முழுக்க "நாங்கள்" என்று தட்டச்சு செய்துவிட்டார். ஒற்றை ஆள் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்று நண்பர் சொல்ல, முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, தன் பூனையை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்தார். கட்டுரை வெளிவந்தது. சில பிரதிகளில் பூனையின் பாதச்சுவடும் கையெழுத்தாக இருக்கிறது. உங்கள் கட்டுரையில் பெயர் சேர்க்கச் சொல்லி நச்சரிக்கும் யாரையும் இந்தப் பூனையோடு ஒப்பிடாதீர்கள், பூனை குறைந்தபட்சம் பக்கத்தில் இருந்தது.

எங்கேயோ ஒரு டைமர் விடாமல் அடிக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் உங்கள் கோட்டுப் பையைத் தொட்டுப் பாருங்கள். எல்லா டைமரும் ஒரே குரலில் கத்துவதால், லேப்பில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பையைத் தட்டிப் பார்க்கும் காட்சி கிடைக்கும். அதுவே ஒரு பொழுதுபோக்கு. யாருமே "என்னுடையது" என்று சொல்லவில்லை என்றால், அது இழுப்பறைக்குள்ளோ இன்குபேட்டர் மேலேயோ இருக்கும். கண்டுபிடித்தவருக்கு அன்றைக்கு டிப் அடுக்குவதிலிருந்து விலக்கு கொடுக்கலாம்.

அணைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு அடித்தது என்று ஒரு சீட்டில் எழுதி டைமரிலேயே ஒட்டுங்கள். பெரும்பாலும் அது வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டவருடையதாக இருக்கும். அவருக்கு ஒரு போன் போட்டு, சென்ட்ரிஃபியூஜில் இருப்பதை எடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கவா என்று மட்டும் கேளுங்கள்.